ஏரோட்ரோம் விலக்கு

அந்த ஜன்னலக் கொஞ்சம் தொறந்து வையுங்க அண்ணாச்சி, காத்து வரட்டும். மருந்து வாடை அடிக்கும், எனக்கே தெரியுது. முட்டி வாதத்துக்குக் குடிக்கிற மருந்து, வேற ஒண்ணும் நெனைச்சிராதீங்க. நான் பீடி, வெத்தலை, காப்பி ஒண்ணும் தொடாத ஆளு. சங்கரன்கோவில்ல வந்து தவசிமுத்து மாஸ்டர் எப்படின்னு கேட்டுப் பாருங்க, சின்னப் பிள்ளைகூடச் சொல்லும். ஆயுசு பூரா டிரில் மாஸ்டர். என் விசில் சத்தம் கேட்டா தெரு நாயும் வரிசையில நிக்கும்னு பயலுவ கேலி பண்ணுவானுவ.

நீங்க ராஜபாளையமா? நான் முன்னாலயே எறங்கணும். கரிவலம் தாண்டி ஏரோட்ரோம் விலக்குன்னு ஒரு ஸ்டாப் வரும்லா, அங்கன. உள்ள ஒரு காலேஜ் இருக்கு. விமானம் ஓட்டச் சொல்லிக் குடுக்கிற காலேஜ். இன்னைக்குப் பதினோரு மணிக்கு அங்க ஒரு விசாரணை. ஒரு பொம்பளப் பிள்ளை இனிமே விமானம் ஓட்டுவாளா, இல்ல மூட்டையைக் கட்டிக்கிட்டு வீட்டுக்குப் போவாளாங்கிறது என் வாயில இருக்கு. நான் ஒருத்தன் போயி ஒரு வார்த்தை சொல்லணும். சொல்லிருவேன். அதுக்குத்தான் காலையிலயே சட்டையைத் தேச்சுப் போட்டுக் கெளம்பி வந்திருக்கேன்.

ஆனா ஒண்ணு அண்ணாச்சி. எனக்கு நடந்த அவமானத்தை யாருமே கேக்க மாட்டேங்கான். எல்லாரும் அந்தப் பிள்ளை, அந்தப் பிள்ளைன்னுதான் பேசுதான்.

நான் ரிட்டயர்டு ஆகி வீட்டுல சும்மா இருந்தேன். அந்தக் காலேஜுக்குத் தலைமை கேப்டன் பர்னாந்துன்னு ஒருத்தர், தூத்துக்குடிக்காரரு. பெரிய விமானம் எல்லாம் ஓட்டி ஓஞ்சவரு. அவரா கூப்பிட்டு விட்டாரு. "மாஸ்டர், இந்தப் பிள்ளைங்க விடிய விடிய போனை நோண்டுது. காலையில பட்டினியா வந்து காக்பிட்ல உக்காந்து கொட்டாவி விடுது. இல்லன்னா முந்தின நாள் புரோட்டாவை மூக்கு முட்டத் தின்னுட்டு மேல போயி வாந்தி எடுக்குது. இதுகளுக்கு உடம்பைப் பாத்துக்கிட ஒரு ஆள் சொல்லிக் குடுக்கணும்"னாரு. "என்கிட்ட விட்டுருங்க சார்"னேன்.

விட்டாரு. நானும் விடல. விடியக் காலம் எந்திரிச்சு விமானம் ஓடுற தளத்தை ஓரமாச் சுத்தி ஓட்டம். வந்ததும் கேப்பைக் கூழு, முளைகட்டுன பாசிப்பயறு. புரோட்டாக் கடைப் பக்கம் ஒரு தலை தெரிஞ்சா மறுநாள் ரெண்டு சுத்துக் கூட. ராத்திரி ஒம்பது மணிக்கு எல்லாப் போனும் என் பெட்டிக்குள்ள வந்துரணும். முதல்ல மொனங்குச்சுக. பணக்கார வீட்டுப் பிள்ளைங்க பாதிப் பேரு, கேப்பைக் கூழை மோந்து பாத்துட்டு மூஞ்சியச் சுளிச்சுது. ஒரு மாசத்துல அதுகளே இன்னொரு கரண்டி கேட்டுச்சுக. தொப்பை போச்சு, தூக்கம் வந்துச்சு. எனக்குக் 'கண்ட்ரோல் டவர்'னு பேரு வச்சுதுக. "ஏய், கண்ட்ரோல் டவர் வருது, போனை ஒளி"ன்னு சொல்லுறது என் காதுல விழும். விழாத மாதிரி போவேன். உள்ளுக்குள்ள பெருமைதான், பொய் சொல்லக் கூடாது.

அதுல முக்கியமான விசயம் ஒண்ணு இருக்கு, அதைச் சொன்னாத்தான் பின்னால உள்ளது வெளங்கும். விமானம் ஓட்டப் போற பிள்ளை காலையில ஒரு மிஷின்ல ஊதணும். போலீஸ்காரன் ரோட்ல மறிச்சு ஊதச் சொல்லுவான்லா, அந்த மாதிரி மிஷின். ரோட்லயாவது கொஞ்சம் விட்டுக் குடுப்பான். இங்க சுத்தமாப் பூஜ்யம் காட்டணும். பொட்டுக் காட்டுனாலும் செவப்பு லைட்டு எரிஞ்சு கீச்சுன்னு கத்தும். அம்புட்டுதான், அந்தப் பிள்ளை மாசக்கணக்குல விமானத்தைத் தொட முடியாது. பேரும் கெட்டுப் போகும்.

அதனால நான் ரூம் ரூமாப் போயி வாய் கொப்பளிக்கிற மவுத்வாஷ், இருமல் டானிக், செண்டு பாட்டில் அம்புட்டையும் பறிச்சிட்டு வந்துட்டேன். எல்லாத்துலயும் ஸ்பிரிட் இருக்கு, கேட்டீங்களா. ஒரு பய, "சார், ஹோமியோபதி உருண்டை இருக்கு"ன்னான். "அதையும் கொண்டாடா"ன்னு வாங்கிட்டேன். கேப்டனே சிரிச்சாரு. "மாஸ்டர், நீங்க இருக்கையில மிஷினே தேவையில்ல"ன்னாரு.

என் மருந்தா? நல்லாக் கேட்டீங்க. அது தசமூலாரிஷ்டம் அண்ணாச்சி. அது வேற. பத்து வேரைக் காய்ச்சி, வெல்லத்தைப் போட்டு, பானை வாயைத் துணியால கட்டி, நாள்கணக்குல நொதிக்க விட்டு வடிச்சு எடுக்கிற மருந்து. அதைப் போயி இந்தக் கழிசடையோட சேக்க முடியுமா? காலையில ஒரு அவுன்ஸு, ராத்திரி ஒரு அவுன்ஸு. மழைக் காலம்னா கொஞ்சம் கூட. அலைச்சலா இருந்தா மத்தியானமும் ஒரு மூடி. நாட்டு மருந்துக் கடைக்காரன் எனக்குன்னு பெட்டியோட எடுத்து வச்சிருவான். என் வீட்டுக்காரி வேலம்மா ஒரு கூறுகெட்டவ. "அந்தப் பாட்டில் தீந்துட்டா இந்த மனுசனுக்குக் கையும் நடுங்குது, வாயும் கெட்டுப் போகுது"ன்னு பக்கத்து வீட்டுல போயிச் சொல்லுவா. "ஏட்டி, அதுக்குப் பேருதான் வாதம், அதுக்குத்தான் மருந்தே"ன்னு எத்தனையோ தடவை சொல்லியாச்சு.

சரி, அந்தப் பிள்ளைக்கு வாரேன்.

பேரு மாரிச்செல்வி. எட்டயபுரம் பக்கம். பணக்கார வீட்டுப் பிள்ளை இல்ல, அரசாங்கம் குடுக்கிற உதவியில படிக்கிறா. அம்மா தீப்பெட்டி ஆபீஸுக்குப் போறவ. பிள்ளை ஒல்லியா இருப்பா, ஆனா ஓட்டத்துல பயலுவளை எல்லாம் முந்திருவா. நான் சொன்னதை எல்லாம் கேக்குற பிள்ளை. தண்ணி குடின்னா குடிப்பா, படுன்னா படுப்பா. வந்த புதுசுல ஒவ்வொருத்தரையும் தனியாக் கூப்பிட்டு, வீட்டுல யாருக்கு என்ன நோய், என்ன பழக்கம்னு விசாரிப்பேன். எல்லாம் மழுப்பும். இவ மட்டும் நேரா என் மூஞ்சியப் பாத்துச் சொன்னா. "எங்கப்பா குடிச்சுக் குடிச்சே செத்துட்டாரு சார். லோடுமேனா இருந்தாரு. எனக்கு அந்த வாடையே ஆகாது. கல்யாண வீட்டுல சோடா குடுத்தாக்கூட மோந்து பாத்துட்டுத்தான் குடிப்பேன். இதை யார்ட்டயும் சொல்லிராதீங்க சார்." நான் சொன்னேன், "ஏளா, என்னைய உங்கப்பன் மாதிரி நெனைச்சுக்கோ"ன்னு. அப்படித்தான் சொன்னேன். இப்பம் நெனைச்சா நாக்கைப் பிடுங்கிக்கிட்டுச் சாகலாம் போல இருக்கு.

அவ தனியாப் பறக்குற நாள் வந்துச்சு. அதுவரைக்கும் பக்கத்துல வாத்தியார் உக்காந்திருப்பாரு. அன்னைக்குத்தான் முதமுதல்ல தன்னந்தனியா ஏத்தி, ஒரு சுத்துச் சுத்தி எறக்கணும். பெரிய நாள் அது, கல்யாணம் மாதிரி. எறங்கி வந்ததும் கூட்டாளிங்க எல்லாம் சேந்து தலையில ஒரு வாளித் தண்ணிய ஊத்துவாங்க. அது அங்க உள்ள பழக்கம். இவளுக்குன்னு பிள்ளைங்க வாளியில தண்ணி பிடிச்சு, ரோசாப்பூ இதழ் எல்லாம் கிள்ளிப் போட்டு வச்சிருந்துச்சுக. ஓட்டத்துக்கு வந்தவ வயித்தைப் பிடிச்சுக்கிட்டு நிக்கா. பயமோ என்னமோ, வயிறு முறுக்குது. "மாத்திரை போட்டா கேப்டன்ட்டச் சொல்லணும் சார். சொன்னா இன்னைக்குப் பறக்க விட மாட்டாங்க"ன்னு கண்ணு கலங்குறா.

"மாத்திரை எதுக்குட்டி? வா என் கூட"ன்னு என் ரூமுக்குக் கூட்டிட்டுப் போயி, என் மருந்துல ரெண்டு அவுன்ஸு ஊத்திக் குடுத்தேன். நல்ல மனசோடதான் குடுத்தேன், சாமி சத்தியமா. அவ டம்ளரை மோந்து பாத்தா. "சார், இதைக் குடிக்கலாமா? இப்பம் போயி ஊதணுமே"ன்னா.

கேட்டா அண்ணாச்சி. அவ கேட்டா.

எனக்குச் சுருக்குன்னு வந்துருச்சு. "என்ன கேள்வி கேட்ட? நான் தவசிமுத்து. நான் உனக்குக் கெட்டதைக் குடுப்பனா?"ன்னேன். அவ ஒரே மடக்குல குடிச்சிட்டா. குடிச்சிட்டு, "தேங்க்ஸ் சார்"னு வேற சொன்னா.

போயி ஊதுனா. செவப்பு. கீச்சுன்னு கத்துது மிஷினு. கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடி ஊதச் சொல்லுவாங்க, அதுதான் முறை. மறுபடி ஊதுனா. மறுபடியும் செவப்பு. பிள்ளைங்க அம்புட்டும் சுத்தி நிக்குதுக. கேப்டன் கண்ணாடியைக் கழட்டித் தொடைச்சுக்கிட்டு நிக்காரு. இவ திரும்பி என்னையத்தான் பாத்தா. "சார், நீங்க குடுத்த மருந்து..."ன்னா.

எனக்கு எங்கிருந்து அந்த வெறி வந்துச்சோ தெரியல. நான் வளத்த ஒழுக்கம், நான் பறிச்ச பாட்டிலு, நான் போட்ட கூழு, எல்லாத்தையும் ஒரு நிமிசத்துல இவ நாற அடிச்சிட்டாளேன்னு இருந்துச்சு. நெசமாவே அவ குடிச்சிட்டு வந்திருக்கான்னுதான் நெனைச்சேன் அண்ணாச்சி. மருந்துல சாராயம் இருக்கும்னு என் புத்திக்கு எட்டவே இல்ல. "பண்ணுறதையும் பண்ணிட்டு மருந்து மேலயா பழியப் போடுத? குடிகாரன் பெத்த பிள்ளைதானே நீ! அப்பன் புத்தி எங்க போவும்? உனக்கு எல்லாம் விமானம் ஒரு கேடா?"ன்னுட்டேன். அத்தனை பேருக்கு முன்னால. அவ என்கிட்ட மட்டும் சொன்ன விசயத்தை.

அவ அழல. அதைத்தான் என்னால தாங்க முடியல. தொப்பியைக் கழட்டிக் கையில வச்சுக்கிட்டுப் போயிட்டா. அந்த வாளித் தண்ணிய நானே தூக்கிட்டுப் போயி ஓரத்துல கொட்டுனேன். ஒரு பயலும் கிட்ட வரல.

அடுத்த நாள்ல இருந்து பிள்ளைங்க பார்வையே சரியில்ல. நான் வந்தா பேச்சு நின்னு போகும். 'மாஸ்டர் குடுத்த மருந்துதான்'னு ஒரு குசுகுசு. கூழை யாரும் சரியாக் குடிக்கல. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. காலையில எல்லாரும் ஊதுறதுக்கு வரிசையில நிக்கையில நடுவுல போயி நின்னேன். "கேப்டன் சார், என்னைய ஊத வையுங்க. அதே மருந்தை நானும் இன்னைக்குக் காலையில குடிச்சிட்டுத்தான் வந்திருக்கேன். பூஜ்யம் காட்டுதேன். இதுகளும் பாக்கட்டும், ஒரு யோக்கியன் ஊதுனா எப்படி இருக்கும்னு"ன்னேன். கேப்டன், "வேண்டாம் மாஸ்டர், உங்களுக்கு அவசியம் இல்ல"ன்னாரு. ரெண்டு தடவை சொன்னாரு மனுசன். நான் கேக்கலையே! வெனையை வெலைக்கு வாங்குறவனை யாரு தடுக்க முடியும்?

நெஞ்சை நிமித்தி மூச்சை இழுத்து ஊதுனேன் பாருங்க. நான் பழைய ஓட்டக்காரன்லா, நல்லா முழு மூச்சா ஊதுனேன். மிஷினு போட்ட சத்தம் இன்னும் என் காதுல கேக்குது. அந்தப் பிள்ளை ஊதினதுக்குக் காட்டினதை விட மேல காட்டுது. பின்னால ஒரு பய களுக்குன்னு சிரிச்சான். தரையைப் பாத்துக்கிட்டு நிக்கேன். என் வேட்டி நுனியில இருந்து பேரு வரைக்கும் உரிஞ்சு விழுந்த மாதிரி இருந்துச்சு. "மிஷினு ரிப்பேர் சார்"னேன். கேப்டன் அவரே வாங்கி ஊதினாரு. பூஜ்யம். வரிசையில நின்ன ஒரு பயலை ஊதச் சொன்னாரு. பூஜ்யம்.

அந்த இடத்துல ஒரு வார்த்தை சொல்லியிருந்தாப் போதும். 'ஆமா, மருந்துலதான் இருந்திருக்கு, நான்தான் அவளுக்குக் குடுத்தேன்'னு. நானே ஊதி நானே நிரூபிச்சிட்டேனே, இதுக்கு மேல என்ன சாட்சி? கேப்டன்கூட அதுக்காகத்தான் காத்துக்கிட்டு நின்ன மாதிரி இருந்துச்சு. "மாஸ்டர், காலையில என்ன சாப்பிட்டீங்க?"ன்னு மெதுவாத்தான் கேட்டாரு.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "மவுத்வாஷ் போட்டு வாய் கொப்பளிச்சேன் சார். மருந்து குடிச்சேன்னு ஒரு பேச்சுக்குச் சொன்னேன்"னுட்டேன்.

மவுத்வாஷ்! அந்தப் பிள்ளைங்ககிட்ட நான் பறிச்சு வச்ச மவுத்வாஷ். ஏன் அப்படிச் சொன்னேன்னு கேக்காதீங்க. வாயில வந்துருச்சு. மருந்துல சாராயம்னு ஒத்துக்கிட்டா, அப்பம் நான் யாரு? ஒரு நாளைக்கு மூணு வேளை, நாலு வேளை, வருசக்கணக்கா... அந்தக் கணக்கை எல்லாம் அந்த வரிசைக்கு முன்னால எப்படிப் போட முடியும், சொல்லுங்க. ஊர்ல மதுவிலக்கு ஊர்வலம்னா முன்னால கொடி பிடிச்சிக்கிட்டுப் போறவன் நான். கேப்டன், "லீவு எடுத்துக்கிட்டு வீட்டுல இருங்க மாஸ்டர்"னு சொல்லி அனுப்பிட்டாரு. ஆக, என் செவப்புக்கு மவுத்வாஷுன்னு ஆயிப் போச்சு. அவ செவப்புக்குக் குடின்னு ஆயிப் போச்சு.

லீவுல வீட்டுல கெடக்கேன். நேத்து வாசல்ல யாரோன்னு பாத்தா, அவளும் அவ அம்மாவும். எனக்கு உள்ள போயி ஒளிஞ்சுக்கிடலாமான்னு இருந்துச்சு. வேலம்மா விசயம் ஒண்ணும் தெரியாம, "வாங்க, வாங்க"ன்னு உக்கார வச்சிட்டா. அந்தம்மா சேலைத் தலைப்பைக் கையில முறுக்கிக்கிட்டு, "அய்யா, எம் புள்ள குடிக்கலைன்னு உங்களுக்குத் தெரியும்லா. நீங்க வந்து ஒரு வார்த்தை சொன்னாப் போதும்னு கேப்டன் சாரு சொல்லுதாரு. இல்லன்னா நாளைக்குப் பேப்பரு மேலிடத்துக்குப் போயிருமாம். அப்புறம் எங்க போனாலும் குடிச்சிட்டு வந்தவன்னுதான் பாப்பாங்களாம்"னு சொல்லிக்கிட்டே கால்ல விழ வந்துச்சு. அந்தப் பிள்ளைதான், "யம்மா, எந்தி"ன்னு தூக்கி விட்டா.

வேலம்மா மோரு கொண்டாந்தா. நான் டம்ளரை எடுத்தேன். அவங்க வந்திருக்கையில உள்ள போயி மருந்து குடிக்க முடியல, கையி கெடந்து ஆடுது. மோரு தொடையில சிந்துது. இன்னொரு கையால சேத்துப் பிடிக்கேன், அப்பவும் ஆடுது. அந்தப் பிள்ளை எந்திரிச்சு வந்து டம்ளரை என் கையில இருந்து வாங்கிக் கீழ வச்சா. கோவமா இல்ல அண்ணாச்சி. நோயாளிக்கிட்ட இருந்து வாங்குற மாதிரி வாங்குனா.

"எங்கப்பாவுக்கும் இப்படித்தான் ஆடும் சார்"னா. "டம்ளரைத் துண்டுல சுத்திப் பிடிப்பாரு. அவரும் முதல்ல உடம்பு வலிக்கு மருந்துன்னுதான் ஆரம்பிச்சாரு. நாங்க சின்னப் பிள்ளைங்க, எங்களுக்குத் தெரியல. உங்களுக்கு எவ்வளவு நாளா சார் இப்படி இருக்கு? டாக்டர்ட்டப் போங்க சார். பட்டுன்னு நிறுத்தாதீங்க, அதுவும் ஆபத்து. எங்கப்பாவுக்கு அப்படி நிறுத்தித்தான் வலிப்பு வந்துச்சு."

என்னையப் பாத்துச் சொல்லுதா! எத்தனை பிள்ளைகளுக்கு உடம்பைப் பாத்துக்கிடச் சொல்லிக் குடுத்தவன் நான். வேலம்மா அடுப்பங்கரை வாசல் நிலையில நின்னு எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு இருந்தா. இத்தனை வருசமா பக்கத்து வீட்டுல போயிச் சொல்லிக்கிட்டு இருந்தவ, நேத்து முந்தானையால மூஞ்சியத் தொடைச்சிக்கிட்டு உள்ள போயிட்டா.

போறப்ப அந்தப் பிள்ளை, "நீங்க என்னைத் திட்டுனதைப் பத்தி நான் யார்ட்டயும் பேச மாட்டேன் சார். மருந்து நீங்க குடுத்ததுன்னு மட்டும் சொல்லிருங்க. விலக்குலயே வந்து நிக்கேன்"னா. "வாரேன்ட்டி, கட்டாயம் வாரேன்"னேன். மனசாரத்தான் சொன்னேன். வெக்கத்துல எனக்கு அவ மூஞ்சியப் பாக்க முடியல, அவ கால் செருப்பைப் பாத்துக்கிட்டே சொன்னேன்.

இன்னைக்குக் காலையில தொடவே கூடாதுன்னு எந்திரிச்சேன். சட்டை மாட்டுதேன், பட்டன் ஓட்டைக்குள்ள போவ மாட்டேங்கு. வேலம்மா வந்து போட்டு விட்டா, சின்னப் பிள்ளைக்குப் போடுற மாதிரி. இப்படி ஆடிக்கிட்டுப் போயி கேப்டன் முன்னால எப்படி நிக்க? சாட்சி சொல்லப் போறவன் நேரா நிக்கணும்லா. அதனால ஒரே ஒரு அவுன்ஸு. தைரியத்துக்கு. பெறகு பஸ் ஸ்டாண்டுல இன்னும் கொஞ்சம். அவதான் பட்டுன்னு நிறுத்தக் கூடாதுன்னு சொன்னாள்லா.

இது கரிவலமா? தாண்டியாச்சா! என்ன, இவன் இன்னைக்கு இம்புட்டு வேகமா விடுதான்.

சொல்லிருவேன் அண்ணாச்சி. 'மருந்து நான்தான் குடுத்தேன்.' அம்புட்டுதானே. மூணே வார்த்தை. ஆனா அவங்க அத்தோட விடுவாங்களா? நம்ம வாயில இருந்து இப்பம் வாடை வருதுல்லா, நீங்களே மொதல்ல மூஞ்சியத் திருப்புனீங்க, நான் பாத்தேன். "மாஸ்டர், ஒரு தடவை ஊதுங்க"ன்னு சொல்லிட்டா? மேலிடத்துல இருந்து வேற ஆளு வந்திருப்பானாம். அவன் முன்னால, அந்த அம்மா முன்னால, இன்னொரு தடவை அந்த மிஷினு கத்துனா? குடிகாரன் சாட்சின்னு சொல்லி அதையும் தள்ளிருவான். அப்பம் அந்தப் பிள்ளைக்குத்தானே கெடுதல்? நான் போறதே அவளுக்குக் கெடுதலா முடிஞ்சிட்டா? அதையும் யோசிக்கணும்லா. அவ நல்லதுக்குத்தான் யோசிக்கேன்.

அந்தா. அந்தா நிக்கா பாருங்க. வெள்ளைச் சட்டை, தோள்ல கறுப்புப் பட்டை. யூனிபார்ம் போட்டுட்டு வந்திருக்கா, பறக்க விடாதப்பவும். பக்கத்துல அந்த அம்மா.

கண்டக்டர் எதுக்கு இப்படிக் கத்துதான்? கேக்குதுய்யா, விலக்குதான், கேக்குது.

கொஞ்சம் இருங்க அண்ணாச்சி. செருப்பு வாரு கழண்ட மாதிரி இருக்கு. குனிஞ்சு பாத்துக்கிடுதேன். கொஞ்சம் காலை நகட்டுங்க. இந்தச் சீட்டுக்கு அடியில ஒண்ணும் தெரிய மாட்டேங்கு.

விசில் குடுத்துட்டானா? கெளம்பிருச்சா?

பரவாயில்ல. பரவாயில்ல, நான் ராஜபாளையம் போயி எதுத்த வண்டியில திரும்பி வந்துருவேன். அதுக்குள்ள வாயையும் கொப்பளிச்சுக்கிடலாம். மணி என்ன ஆச்சு? பத்தே முக்காலா? சரி. சரி.

அண்ணாச்சி, ஒண்ணு சொல்லுங்க. நீங்க ஜன்னல் பக்கம் இருந்தீங்கல்லா. அவ பஸ்ஸுக்குள்ள பாத்தாளா? என்னையப் பாத்தாளா? நான் குனிஞ்சிட்டேன், தெரிஞ்சிருக்காது. என்ன? நல்லாச் சொல்லுங்க, இந்தச் சத்தத்துல காது கேக்கல. பாத்துட்டாளா? பாத்துட்டு வாசப்படிக்கிட்டயா வந்தா?

எனக்குக் கால் தடுமாறும்னு, பிடிச்சு எறக்கி விடுறதுக்குக் கையை நீட்டிக்கிட்டா நின்னா?